சேப்பாக்கத்துக்கு ஒரு செவ்வரளி

வெள்ளிக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் கணவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மத்தியானத்துக்குக் கத்தரிக்காயா, வெண்டைக்காயா?

சிதம்பரநாதன் பேப்பரைத் தாழ்த்திக் கூடையை எட்டிப் பார்த்தார். கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது என்றார். வெண்டைக்காயும் பிஞ்சாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு, "உனக்கு எது சௌகரியமோ, புஷ்பம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் திரும்பிப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக இதே பதில்தான். அப்படிப்பட்ட மனிதரிடம் இன்றைக்கு ஊரே ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் நடக்கப் போகும் டெஸ்ட் மேட்சுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேரில் அவர் ஒருவர். பதினோரு இடங்களில் பத்து இடங்களுக்குச் சண்டை இல்லை. பதினோராவது இடத்துக்கு ராயப்பேட்டை அக்பர் பாஷா வேண்டும் என்று இருவர் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்று இருவர் சொல்கிறார்கள். ஐந்தாவது ஓட்டு சிதம்பரநாதனுடையது. கூட்டம் மூன்று மணிக்கு.

அக்பர் பாஷா அளவுக்கு வேகமாகப் பந்து வீசுகிறவன் இந்தப் பட்டணத்தில் வேறு யாரும் இல்லை. அவன் அளவுக்குத் தாறுமாறாக வீசுகிறவனும் இல்லை. புதன்கிழமை கடற்கரை மைதானத்தில் நடந்த பரீட்சை ஆட்டத்தில் ஒரே ஓவரில் மூன்று பேரின் ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்தான். மற்ற ஓவர்களில் விக்கெட் கீப்பரை மைதானம் முழுக்க ஓடவிட்டான். அவற்றில் ஒரு பந்து பேட்ஸ்மேனைத் தாண்டி, கீப்பரைத் தாண்டி, எல்லைக்கோட்டையும் தாண்டி, பந்தலின் கீழே மெதுவடை தின்றுகொண்டிருந்த ஒருவரின் முழங்காலில் போய் நின்றது.

அந்த முழங்கால் தங்கபுஷ்பத்தின் தம்பி சண்முகசுந்தரத்துடையது. தியாகராய நகர் ஜவுளிக்கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு, இரண்டு நாளாக மந்தைவெளியில் அக்கா வீட்டு ஊஞ்சலில் கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். காலைத்தான் அசைக்க முடியவில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"அத்தான், நம்ம ஊர்ல வேகப்பந்து எதுக்கு?" என்று அவன் அன்றைக்கு மூன்றாவது தடவையாக ஆரம்பித்தான். "ரெண்டு ஓவர் போட்டுப் பந்தோட பளபளப்பை எடுக்கணும். பெறவு சுழல்பந்துக்காரன் கையில குடுக்கணும். அதுக்குக் கஸ்தூரிரங்கன் போதாதா?"

அந்த இடத்துக்கு மற்ற இருவர் சொல்லும் கஸ்தூரிரங்கன் மயிலாப்பூர்க்காரர். எட்டு வருஷமாக மிதமான வேகத்தில், அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி பந்து போடுகிறவர். அவருக்கு விக்கெட்டும் அதிகம் விழுந்ததில்லை, அவர்மேல் புகாரும் எழுந்ததில்லை.

சண்முகசுந்தரத்துக்குப் பதில் சொல்ல ஜெயபாரதி இருந்தாள். சிதம்பரநாதன் தம்பதியின் ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், படிக்காத நேரத்தில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருப்பாள். கஸ்தூரிரங்கன் சார் பந்து போட்டால் வெளிநாட்டுக்காரர்கள் தலையணை கொண்டுவந்து படுத்துக்கொண்டே அடிப்பார்கள் என்று சொன்னாள். அக்பர் பாஷாவின் ஒரு பந்து போதும், அவர்கள் பயத்தில் அடுத்த பத்துப் பந்தைத் தொடமாட்டார்கள் என்றாள்.

"அவங்க ஏன் தொடணும்? பந்து அவங்க பக்கமே போகாதே," என்றான் மாமன்.

"உங்க முழங்காலை வச்சு டீம் எடுக்க முடியாது மாமா."

"ஏன், என் முழங்கால் இந்தியாவுல இல்லையா?"

சிதம்பரநாதன் இருவர் பேச்சையும் கேட்டார். அதுவும் சரிதான் என்று மைத்துனனிடம் சொன்னார். அதுவும் சரிதான் என்று மகளிடமும் சொன்னார். பிறகு மெதுவாக எழுந்து அடுக்களைக்குள் வந்து, மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஒரு பக்கம் எட்டு வருஷம் ஒழுங்கா உழைச்ச மனுஷன். இன்னொரு பக்கம் மூணு பந்து," என்றார் தாழ்ந்த குரலில். "மூணு பந்துக்காக ஒருத்தன் தலையில இந்தியத் தொப்பியை வைக்கலாமா? வச்சு, அம்பதாயிரம் பேர் முன்னால அவன் தாறுமாறாப் போட்டா அதோட அவன் கதை முடிஞ்சுது. வைக்கலேன்னாலும் முடிஞ்சுது. இருபத்து மூணு வயசு, புஷ்பம்."

அவள் உப்பைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"பூக்கட்டிப் பார்த்திரலாமா?"

அது அவள் செய்த வினை. திருநெல்வேலியில் அவள் பிறந்த வீட்டில் கல்யாணம், மனை வாங்குவது மாதிரிப் பெரிய காரியங்களுக்குச் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. எது கையில் வருகிறதோ அதுதான் உத்தரவு. கல்யாணமான புதிதில், எந்தத் தெருவில் குடியேறுவது என்று இவர் ஒரு மாதமாகத் தூங்காமல் தவித்தபோது, பாவப்பட்டு அவள்தான் இதைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டரின் நிறம், ஜெயபாரதி கல்லூரியில் எடுத்த பாடம், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதா வைத்துக்கொள்வதா என்பது வரை எல்லாவற்றையும் திருச்செந்தூர் முருகன்தான் தீர்த்துவைத்தான்.

ஆனால் இதுவரைக்கும் அந்தப் பொட்டலத்துக்குள் இன்னொரு வீட்டுப் பிள்ளையை வைத்துக் கட்டியதில்லை. தங்கபுஷ்பத்துக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் அவர் நின்ற நிலையைப் பார்த்து மறுக்கவும் முடியவில்லை.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த பூஜை மாடத்தில் பூத்தட்டு இருந்தது. செவ்வரளி ஒன்று அக்பர் பாஷாவுக்கு. நந்தியாவட்டை ஒன்று கஸ்தூரிரங்கனுக்கு. ஒரே அளவாகக் காகிதம் கிழித்து, மடித்து, நூல் சுற்றி முருகன் படத்தின் முன்னால் வைத்தாள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். பன்னிரண்டு மணிக்குமேல் ஜெயபாரதி ஒன்றை எடுக்கட்டும் என்று ஏற்பாடு.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் இதற்குமுன் இல்லாத பக்தி பெருகியது.

முதலில் ஜெயபாரதி போனாள். விளக்குத் திரியைத் தூண்டிவிடப் போகிறேன் என்றாள். மார்கழி மாதத்தில்கூட எழுப்பி இழுத்துக்கொண்டுவந்து நிறுத்த வேண்டிய பெண். தங்கபுஷ்பம் அடுப்பைப் பார்த்தபடியே, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று உருகிப்போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கைத்தாங்கல் இல்லாமல் குளியலறைக்குப் போக முடியாத சண்முகசுந்தரம், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி மாடத்துக்குப் போனான். வலி தாங்காமல் முருகனிடம் முறையிடப் போகிறான் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

அதன்பிறகு சிதம்பரநாதனும் போனார். அவர் எப்போதும் கும்பிடுகிறவர்தான். அதனால் அவள் கவனிக்கவில்லை.

பதினோரு மணிக்கு வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கறுப்பு பர்தாவின் முகத்திரையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டபடி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"பந்து பட்டுச்சே, அவரு வூடு இதானேம்மா? நான் அக்பரோட அம்மா. ஜமீலுன்னிசா."

ஊஞ்சல் நின்றது. ஜெயபாரதி டிரான்சிஸ்டரை அணைத்தாள். சிபாரிசுக்கு வந்திருக்கிறாளோ என்று சண்முகசுந்தரம் கட்டுக்காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

ஜமீலுன்னிசா சிபாரிசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முழங்காலைப் பார்த்தாள். வீக்கம் எவ்வளவு, ராத்திரி தூக்கம் வருகிறதா, எலும்பு டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தாள். பிறகு தூக்கைத் தங்கபுஷ்பத்தின் பக்கம் நீட்டிவிட்டு, நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"நீங்க சைவம்னு கேட்டுகினுதான் வந்தேன். தூக்கு புதுசும்மா. இதுல எதுவும் வெச்சது கெடையாது. அடுப்பையும் ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். பாலு, சேமியா, முந்திரி. வேற ஒண்ணும் இல்ல."

தூக்கின் அடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பூஜை முடியும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வந்தவளுக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனால் யார் முதலில் வாயில் வைக்கிறார்கள் என்று அவள் காத்திருக்கிறாள் என்பது மட்டும் இவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

தங்கபுஷ்பம் ஒரு டம்ளரில் ஊற்றி அங்கேயே நின்று குடித்தாள். ஒரு தாய் அடுப்பைத் துடைத்துச் செய்ததைத் தள்ளி வைத்தால்தான் முருகன் கோபித்துக்கொள்வான் என்று அவளுக்குப் பட்டது.

"ஏலக்காய் வாசம் நல்லா இருக்கு," என்றாள். "உக்காருங்கம்மா."

சண்முகசுந்தரம் முதலில் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நெய்யில் வறுத்த முந்திரி மிதந்த டம்ளர் அவன் மூக்குக்குக் கீழே வந்ததும், சாஸ்திரத்துக்கு ஒரு வாய் என்று வாங்கிக்கொண்டான். இரண்டாவது டம்ளரை அவனே கேட்டு வாங்கினான்.

இது ஆறாவது வீடு என்று ஜமீலுன்னிசா சொன்னாள். மகன் போட்ட பந்து யார்மேல் பட்டாலும் அவள் விலாசம் விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவள் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷா பைண்டிங் கடையில் வேலை செய்கிறவர், அவருக்கு வெட்கம், வரமாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவனுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டது. நான்கு நாளில் நிச்சயதார்த்தம் வைத்திருந்த பையன்.

"அந்தப் பையனோட அம்மா என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை. காபி குடுத்தாங்க," என்றாள் ஜமீலுன்னிசா. "அதை என்னால தாங்க முடியல. வூட்டுக்கு வந்ததும் அவன் கையை எடுத்து என் தலைமேல வெச்சு சத்தியம் வாங்கிட்டேன். இனிமே ஆள்மேல பந்து படக்கூடாதுன்னு. அன்னிலேருந்து பந்து ஆடறவங்கமேல படல. இன்னா பண்றது, வேற எங்கியாவது படுது."

அறைக்குள்ளிருந்து சிதம்பரநாதன் வேகமாக வெளியே வந்தார். கூட்டத்துக்காக முகம் மழித்துக்கொண்டிருந்தவர். பாதிக் கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

"கண்ணை மூடிக்கிடுதான்," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் ஒரு காலத்தில் மாகாணத்துக்கு விக்கெட் கீப்பராக இருந்தவர். இந்த வருஷம் பயிற்சியின்போது ஸ்டம்புக்குப் பின்னால் நின்று அக்பர் பாஷாவை நாள் கணக்காகக் கவனித்திருக்கிறார். பந்து கையை விட்டுப் போகிற கணத்தில் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையையும் ஒரு பக்கம் திருப்பிக்கொள்கிறான் என்று விளக்கினார். அதைக் கெட்ட பழக்கம், திருத்த முடியாதது என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் குழம்பிக்கொண்டிருந்தாராம். சத்தியத்துக்குப் பயந்து மூடுகிறான் என்று இப்போதுதான் தெரிகிறது என்றார்.

"அப்ப அந்த மூணு விக்கெட், அப்பா?" என்றாள் ஜெயபாரதி.

அவர் நுரையோடு நின்று யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "கடைசியில வந்த மூணு பேரும் பயந்துபோய் விலகி நின்னாங்கல்லா. ஸ்டம்புக்கு முன்னால ஆளே இல்ல. அங்க யாருக்கும் அடிபடாதுன்னு தெரிஞ்சு கண்ணைத் திறந்து போட்டிருக்கான். மூணும் நேரா வந்துது."

ஊஞ்சலில் இருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "அப்ப என் கால் வீங்கினது அவன் நல்லவனா இருக்கறதாலயா?" என்று சண்முகசுந்தரம் கேட்டான். பிறகு டம்ளரின் அடியில் கிடந்த முந்திரியை எடுத்து மென்றுவிட்டு, ஜமீலுன்னிசாவின் பக்கம் திரும்பினான். "எதிர்ல நிக்கறவன் கையில மட்டை இருக்கு, கால்ல பேடு கட்டியிருக்கு. அவனைப் பார்த்தே போடச் சொல்லுங்கம்மா. என் கையில வடைதான் இருந்துது."

ஜமீலுன்னிசா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சத்தியத்தை முறிக்க வழி உண்டா என்று தங்கபுஷ்பம் மெல்லக் கேட்டாள். மசூதியில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் நேற்றே கேட்டுவிட்டேன் என்றாள் அவள். பத்து ஏழைகளுக்கு வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டு முறித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"சோத்துக்கு யோசிக்கல. அப்பறம் யாருக்காவது பட்டா? டெஸ்ட்டுன்னா வெள்ளைக்காரங்க. பெரிய ஓட்டல்ல தங்குவாங்க. நான் தூக்கை எடுத்துகினு போனா வாசல்ல உள்ள வுடுவானா?"

"நானும் வாரேன்," என்றாள் தங்கபுஷ்பம். "ரெண்டு பேராப் போனா விடுவாங்க."

அப்போது கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

வந்தவளை அனுப்பிவிட்டுப் பொட்டலத்தை எடுக்கலாம் என்று பார்த்தால், தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பூஜையில் வைத்த பழமும் கற்கண்டும் போட்டுத் தருகிறேன், இருங்கள் என்று தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள். ஆகவே ஜமீலுன்னிசா கூடத்தில் இருக்கும்போதே எல்லோரும் மாடத்தின் முன்னால் கூடினார்கள். இது என்ன என்று அவள் கேட்டாள். மறைக்கத் தெரியாத தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள்.

ஜமீலுன்னிசா அந்த இரண்டு பொட்டலங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எம்புள்ள இதுக்குள்ள கீறானா?" என்றாள். "பரவால்ல. பந்தைவிட மெத்துனு கீது."

ஜெயபாரதி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். சிதம்பரநாதன் நூலை அவிழ்த்தார். உள்ளே ஒரு செவ்வரளி இருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு நந்தியாவட்டையும் இருந்தது.

மற்றதையும் பிரித்தார்கள். அதிலும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை.

"அது எப்படி, ரெண்டுலயும் சிவப்பு மட்டும்தானே..." என்று ஆரம்பித்த ஜெயபாரதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சிவப்பு ஏது? ரெண்டும் வெள்ளை..." என்ற சண்முகசுந்தரமும் பாதியில் நிறுத்தினான். பொட்டலத்தை உற்றுப் பார்க்கக் குனிந்தவனின் சட்டைப் பையிலிருந்து இரண்டு செவ்வரளிகள் தரையில் உதிர்ந்தன.

பெண்ணுக்குப் பொறுப்பு வந்த கதையும், தம்பி முருகனிடம் முறையிட்ட கதையும் அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்கு விளங்கியது. பெண் வெள்ளையை எடுத்துவிட்டு இரண்டிலும் சிவப்பை வைத்திருக்கிறாள். பின்னால் போனவன் சிவப்பையெல்லாம் எடுத்துவிட்டு வெள்ளையை வைத்திருக்கிறான். சரி, பிறகு இரண்டும் எப்படிக் கலந்தன? எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் தொடவே இல்லை என்று அவள் முருகன் படத்தைக் காட்டினாள்.

"நான்தான்," என்றார் சிதம்பரநாதன்.

நுரை கன்னத்தில் காய்ந்துபோயிருந்தது. குற்றம் செய்து பிடிபட்ட பள்ளிக்கூடத்துப் பையனைப்போல அவர் தரையைப் பார்த்தார். "பன்னிரண்டு மணி வரைக்கும் பொறுக்க முடியல. பிரிச்சுப் பார்த்தேன். ரெண்டும் வெள்ளையா இருந்துது. பார்த்ததும் நெஞ்சு என்னமோ செஞ்சுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு சிவப்பை உள்ள வச்சுட்டேன்."

"வெள்ளையை ஏன்ப்பா எடுக்கல?"

"சாமிக்கு வச்ச பூவாச்சே. எடுக்கவும் மனசு வரல."

சண்முகசுந்தரம்தான் முதலில் சிரித்தான். ஜெயபாரதி தொடர்ந்தாள். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த காகிதங்களை வாங்கி, நான்கு பூக்களையும் எடுத்து முருகனின் காலடியில் வைத்தாள்.

"வெள்ளையைப் பார்த்து நெஞ்சு செஞ்சுதுன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள். "நான்தான் உங்களைத் தப்பாப் பழக்கிட்டேன். தெரியாததைச் சாமிகிட்ட கேக்கலாம். தெரிஞ்சதுக்குத் தைரியம்தான் கேக்கணும். உங்க பந்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

சிதம்பரநாதன் உள்ளே போய் மறுகன்னத்தையும் மழித்துக்கொண்டு, முகம் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

தூக்கை வாங்கிக்கொண்டு ஜமீலுன்னிசா வாசலுக்கு வந்தபோதுதான், எதிர்வாடையில் விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் இன்னொரு கம்பம் மாதிரி அக்பர் பாஷா நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அம்மாவோடு வந்தவன், உள்ளே வர வெட்கப்பட்டு ஒரு மணி நேரமாக வெயிலில் நிற்கிறானாம். அவள் கையசைத்துக் கூப்பிட்டாள். ஆறடிப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வந்தான். நேராகச் சண்முகசுந்தரத்திடம் போய் மண்டியிட்டு, கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலைத் தொட்டான்.

"அந்தக் கால் இல்லப்பா," என்றான் சண்முகசுந்தரம். "இது நல்ல கால். பரவாயில்ல, இதையும் தொட்டுக்க."

ஜமீலுன்னிசா மகனின் வலது கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு அவளே அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"நாளைக்குப் பத்துப் பேருக்குச் சோறு போட்டுர்றோம். நீ கண்ணைத் தொறந்து போடு."

"யாருக்காவது பட்டா?"

"நான் போயி பாத்துக்கறேன். இந்த அம்மாவும் கூட வராங்களாம்."

பத்துப் பேருக்கும் தன் வீட்டிலேயே ஆக்கலாம், பெரிய அண்டா இருக்கிறது என்றாள் தங்கபுஷ்பம். ஜமீலுன்னிசா சோறும் பருப்பும் பார்த்துக்கொள்ளட்டும், காய் இவள் பொறுப்பு என்று பேசி முடித்தார்கள். அரிசி நான் அனுப்புகிறேன் என்று சண்முகசுந்தரம் குறுக்கிட்டான். பத்தாவது ஏழையாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தான்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று தாயையும் மகனையும் தங்கபுஷ்பம் நிறுத்திவிட்டாள். இரண்டரைக்கு டாக்சி வந்தது. சிதம்பரநாதன் அக்பர் பாஷாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் போகிறவர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. மனைவியிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னார். எந்தப் பக்கம் முடிவானாலும், கூட்டம் முடிந்ததும் நேரே கஸ்தூரிரங்கன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருவார். எட்டு வருஷம் உழைத்த மனிதர் அதை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடாது.

டாக்சிக் கதவைத் திறந்தவர், ஏறாமல் திரும்பினார்.

"நாளைக்குக் கத்தரிக்காய் வை, புஷ்பம்."

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம்.

"வெண்டைக்காய் வேண்டாம். பத்துப் பேருக்கு வதக்கி எடுக்கறதுக்குள்ள கொழகொழன்னு ஆயிரும். கத்தரிக்காய்தான் சரி," என்றார். டாக்சி லஸ் பக்கம் திரும்பி மறைந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. காரணத்தோடு வேறு. கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். சேப்பாக்கத்தில் அவருடைய கை எந்தப் பக்கம் உயரும் என்பது இனி அவளுக்குக் கவலை இல்லை. அது அவருடைய கையாக இருக்கும். அது போதும்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அக்பர் பாஷா.

"அம்மா, சார்கிட்ட ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன். கண்ணைத் தொறந்து ஆளைப் பாத்து போட்டு ரெண்டு வருஷமாச்சு." அவன் தன் வலது கையை, அடுத்தவனுடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "வருமான்னு தெரியல."

ஐந்தரை மணிக்குள் பேர் முடிவாகிவிடும். அதற்குப்பிறகு வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது.

"ஜெயபாரதி," என்றான் சண்முகசுந்தரம், சுவரைப் பிடித்து எழுந்தபடியே. "உங்கப்பா பழைய மட்டை பரண்ல இருக்கும். எடுத்துட்டு வா. வரும்போது ரெண்டு தலையணையும் கொண்டா."

கொஞ்ச நேரத்தில், வீட்டுப் பக்கச் சந்தில், மதில் சுவரின் முன்னால் அவன் நின்றான். இரண்டு முழங்காலிலும் தலையணை கட்டியிருந்தது. மட்டையை ஊன்றுகோலாகவும் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டையாகவும் வைத்துக்கொண்டு நின்றான். சந்தின் மறுகோடியில், கிணற்றடியில், பந்தோடு அக்பர் பாஷா. ஜமீலுன்னிசா தூக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்னைப் பார்த்துப் போடுப்பா," என்று சண்முகசுந்தரம் குரல் கொடுத்தான். "இன்னிக்கு என் கையில வடை இல்ல."

அக்பர் பாஷா ஓடிவரத் தொடங்கினான். நான்கு எட்டு, ஐந்து எட்டு. அவன் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

தங்கபுஷ்பம் தன் கண்களை மூடிக்கொண்டாள்.